ஏழு கிழவன்மாரும் ஓர் இறங்குதுறையும்

அவருடைய பெயரை நான் எழுதப்போவதில்லை. எழுதினால் அவருக்குக் கோபம் வரும். "பேரை வெளியில விட்டவன் அரைவாசி செத்தவன், ரீச்சர்" என்று என்னிடம் எத்தனையோ முறை சொன்னவர். திருகோணமலைக்கும் மூதூருக்கும் ஓடிய லாஞ்சிப் படகில் ரிக்கற் விற்ற மனிதருக்கு இவ்வளவு பாதுகாப்பு எதற்கு? நானும் கேட்டேன். "அதுதான் ரீச்சர் விசயம். ரிக்கற் விக்கிறவன்ர முகத்தை ஆரும் பாக்கிறதில்லை. உலகத்தில பெரிய ஒற்றன் எல்லாம் ரிக்கற் விக்கிறவன், தேத்தண்ணி ஊத்திறவன், கதவு திறக்கிறவன்" என்றார். அன்று முதல் எங்கள் பாடசாலைக் காவல்காரரை நான் ஒரு மாதிரிப் பார்க்கத் தொடங்கினேன். நான் தன்மேல் கோபமாக இருக்கிறேன் என்று நினைத்து அந்த அப்பாவி மனிதர் எனக்கு மாங்காய் கொண்டுவந்து தந்தார்.

எழுபதுகளின் தொடக்கம் அது. நான் மூதூரில் இங்கிலீஷ் படிப்பித்தேன், வீடு திருகோணமலைப் பட்டினத்தில். காலை லாஞ்சியில் போய்ப் பின்னேர லாஞ்சியில் திரும்புவேன். கொட்டியாரக் குடாவைக் கடக்க ஒரு மணித்தியாலத்துக்கு மேல் பிடிக்கும். கடலுக்குக் கோபம் வந்தால் காலையில் தின்ற இடியப்பத்தை அதற்குக் கொடுத்துவிட்டுத்தான் கரையேறவேண்டும். அப்படியொரு பயணத்துக்குச் சனம் முண்டியடித்துக்கொண்டு வந்ததென்றால் அவருடைய கதைக்காகத்தான். பின்னேர வேலையைக் காலைக்கு மாற்றிக்கொண்டவர்கள் இருந்தார்கள். வேலையே இல்லாமல் போய்வந்தவர்களும் இருந்தார்கள்.

கதைகள் எல்லாம் கப்பல்காரர் வாசித்துவிட்டு எறிந்த இங்கிலீஷ் நாவல்கள். அவருடைய மைத்துனர் துறைமுகத்தில் நிற்கிற கப்பல்களுக்கு மரக்கறி கொண்டுபோகிறவர். வெண்டிக்காய்க் கூடையோடு ஏறி நாவல்களோடு இறங்குவார். ஒவ்வொரு அட்டையிலும் சுடத் தூக்கிய துவக்கோடு ஒருத்தி நிற்பாள், துவக்கைத் தவிர அவளிடம் பெரிதாக வேறொன்றும் இராது. அதனால் இவர் எல்லாவற்றுக்கும் மண்ணிறத் தாளில் உறை போட்டு மேலே 'பஞ்சாங்கம்' என்று எழுதிவைப்பார். கட்டைபறிச்சான் ஊர்க் கிழவர் ஒருவர் அதை நம்பி நல்லநாள் கேட்டபோது, மனிதர் கூசாமல் பக்கத்தைப் புரட்டி, "வெள்ளிக்கிழமை பயணம் கூடாது அப்பு. பெர்லினில சுட்டுப்போடுவாங்கள்" என்று சொல்லிவிட்டார். கிழவர் அந்தப் பயணத்தைச் சனிக்கிழமைக்குத் தள்ளிவைத்தார் என்று பிறகு கேள்விப்பட்டேன்.

நேவி முகாமைத் தாண்டும்வரை ரிக்கற் குத்துவார். குடாவுக்குள் லாஞ்சி திரும்பியதும் குத்துகிற மிசினை இடுப்பில் செருகிக்கொண்டு எஞ்சின் பெட்டிமேல் ஏறி உட்காருவார். இங்கிலீஷைப் பார்த்துத் தமிழில் சொல்வார், அதுவும் எஞ்சின் சத்தத்துக்கு மேலால் கத்திச் சொல்வார். எந்தக் கதையானாலும் சுவிற்சர்லாந்தில் ஒரு பனிமலை, அதற்குள் ஒரு வீடு, வீட்டுக்குள் ஒரு மேசை, மேசையைச் சுற்றி ஏழு கிழவன்மார். அந்த ஏழு பேரும் கண்ணைக் காட்டினால் ஒரு நாட்டில் ராசா விழுவான், இன்னொரு நாட்டில் சீனி விலை ஏறும். ஒரு நாவலை இரவல் வாங்கி வாசித்தபோது அதில் மூன்று பேர்தான் இருந்தார்கள், இன்னொன்றில் பன்னிரண்டு பேர். கேட்டேன். "ஆளைக் கூட்டிக் குறைச்சால் சனம் குழம்பும் ரீச்சர். ஏழெண்டால் ஏழு" என்றார்.

"அந்த ஏழு பேருக்கும் பொஞ்சாதிமார் இல்லையா? எங்க போய்த்து வாறீங்க எண்டு கேக்கமாட்டாளுகளா?" நாங்கள் காக்கா என்று கூப்பிடுகிற மூதூர் வெங்காய வியாபாரி, ஒரு முஸ்லிம் பெரியவர், ஒருநாள் கேட்டார்.

"இருக்கினம் காக்கா. ஆனால் அவையும் கூட்டத்தில."

"அப்ப உலகம் உருப்பட்ட மாதிரித்தான்" என்று காக்கா சாக்குமேல் சாய்ந்துகொண்டார். வெங்காய விலை விழுகிற நாட்களில் அவர் சுவிற்சர்லாந்து இருக்கும் திசை எது என்று கேட்டு, அந்தப் பக்கம் திரும்பித் துப்புவார்.

உப்புவெளியிலிருந்து கருவாட்டுக் கடகத்தோடு வருகிற மாமியோ ஒரு ரஷ்ய ஒற்றனில் உயிரையே வைத்துவிட்டா. "அந்தப் பொடியனுக்கு ஒண்டும் ஆகக்கூடாது தம்பி. கோணேசருக்கு நேர்த்தி வைச்சிட்டன்" என்று சொன்னா. நேர்த்தி என்றதும் எங்கள் ஆளுக்கு வியர்த்துவிட்டது. அந்தப் பொடியன் கடைசிவரை பிழைத்து, கலியாணமும் முடித்து, கனடாவில் ஒரு கடை போட்டான். நாவலை நான் பார்த்தேன். நாற்பதாம் பக்கத்திலேயே அவனைக் கொன்று ஆற்றில் எறிந்திருந்தார்கள்.

ஏன் எங்களுக்கு அந்தக் கதைகள்மேல் அப்படியொரு பைத்தியம்? இத்தனை வயதுக்குப் பிறகு எனக்குத் தோன்றுவதைச் சொல்கிறேன். எங்கள் பக்கத்தில் எதுவும் காரணத்தோடு நடக்காது. பஸ் வராது, ஏன் வரவில்லை என்று பஸ்காரருக்கே தெரியாது. மனுக் கொடுத்தால் பதில் வராது, மறுப்பும் வராது. நாவலில் அப்படியில்லை. அங்கே ஒரு கதவு பூட்டியிருந்தால் பூட்டினவன் ஒருவன் இருப்பான், அவனுக்கு ஒரு நோக்கம் இருக்கும். இன்னொன்றும் உண்டு. எந்தச் சதியானாலும் அவர் கடைசியில் எங்கள் துறைமுகத்தில் கொண்டுவந்து முடிப்பார். "வெள்ளைக்காரன் இவ்வளவு காலம் இஞ்ச ஏன் குந்தியிருந்தவன்? சூடைமீன் தின்னவோ?" என்று கேட்பார். வெங்காயச் சாக்குகளுக்கு நடுவே நனைந்த சேலையோடு உட்கார்ந்திருந்த நான், உலகமே என்னைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறது என்று நிமிர்ந்து உட்காருவேன். சும்மா சொல்லக்கூடாது, நல்ல சுகமாக இருந்தது.

நனைந்த சேலை என்றேன் அல்லவா? மூதூர்ப் பக்கத்து மரத்துறை எப்போதோ உடைந்து போயிற்று. லாஞ்சி தூரத்தில் நிற்கும். வள்ளத்தில் மாறி ஏறி, கடைசியில் தொடையளவு தண்ணீரில் இறங்கி நடக்கவேண்டும். கிழடுகளையும் பிள்ளைத்தாய்ச்சிகளையும் கதிரையில் இருத்தி ஆண்கள் தோளில் தூக்கிப் போவார்கள். நான் முதலாம் பாடம் படிப்பிக்கும்போது என் காலடியில் ஒரு சிறு குளம் இருக்கும். புதிய துறை வேண்டுமென்று மனு மேல் மனுவாக எழுதினது இவர்தான். லாஞ்சிச் சனம் முழுவதும் கையெழுத்து வைத்தது.

மற்றவர்களுக்குத் துறை ஒரு வசதி. அவருக்கு அது வீட்டுப் பிரச்சினை. அவருடைய மனைவி மூதூர்க்காரி. நான் அக்கா என்பேன். சின்ன வயதுக் காய்ச்சலில் ஒரு கால் சூம்பிப்போய் ஊன்றுகோலோடு நடக்கிறவ. அப்போது கலியாணமாகி ஏழு வருடம், ஒருமுறைகூடத் தாய் வீட்டுக்குப் போகவில்லை. தரையால் போனாலும் இடையிடையே ஓடங்களில் ஏறி இறங்கவேண்டும். "என்னைக் கண்ட கண்ட ஆம்பிளையள் மூட்டை மாதிரித் தூக்கேலாது. என்ர காலால நடந்து போறதெண்டால் போறன், இல்லாட்டி அம்மா இஞ்ச வரட்டும்" என்று சொல்லிவிட்டா. தாய்க்கும் மாடு கன்றை விட்டு வர ஏலாது. திருகோணமலைத் துறைக்கு மட்டும் அக்கா தினமும் அவருடைய தேத்தண்ணிப் போத்தலோடு வந்து, லாஞ்சி மறையும்வரை நிற்பா.

"ஊரெல்லாம் இவற்ற கதைக்கு அடிபடுகுது ரீச்சர். எனக்கு இவர் சொன்ன கதை ரெண்டுதான். சோத்தைப் போடு. விளக்கை நூர்" என்று ஒருநாள் என்னிடம் முறையிட்டா.

"வீட்டில எனக்கு வாய் திறக்காது. எஞ்சின் சத்தம் வேணும்" என்று அவர் அசடு வழிந்தார்.

இப்படியிருக்க ஒரு வெள்ளைக்காரர் வந்தார். மெலிந்த மனிதர், பெரிய தொப்பி, கையில் ஈயக்குண்டு கட்டிய கயிறு. மூதூர்க் கரையோரம் ஒரு வள்ளத்தை அமர்த்திக்கொண்டு, கயிற்றைத் தண்ணீரில் விடுவதும் எடுப்பதும் எழுதுவதுமாக இருந்தார். எங்கள் ஆள் இரண்டு நாள் கவனித்தார். மூன்றாம் நாள் எஞ்சின் பெட்டியில் ஏறினவர் புத்தகத்தைத் திறக்கவில்லை.

"அந்தாளின்ர கொப்பியை எட்டிப் பாத்தனான். எழுத்து ஒண்டுமில்லை. முழுக்க எண். ஆழம் அளக்கிறான். ஆழம் ஆருக்கு வேணும்?"

காக்கா சாக்கிலிருந்து நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"நீர்மூழ்கிக்கு!"

"அல்லாவே! வந்திட்டானுகளா?" என்றார் காக்கா. அவர் முகத்தில் பயத்தைவிடச் சந்தோசம்தான் கூட இருந்தது. எல்லோருக்கும் அப்படித்தான். இத்தனை நாள் கதையாகக் கேட்டது எங்களைத் தேடி வந்துவிட்டதே!

மூதூரில் இறங்குவதற்குள் திட்டம் தயார். வெள்ளைக்காரர் மீனவர்களிடம் பாடமாக்கின தமிழில் ஒரே கேள்வியைத்தான் கேட்டுக்கொண்டு திரிந்தார்: மழை முடிந்தபின் எந்தப் பக்கம் மண் அடைக்கும்? உண்மை என்னவென்றால், மாவலி ஆறு கொண்டுவந்து கொட்டுகிற மண் தெற்குப் பக்கத்தில் சேரும். வடக்குப் பக்கம் வருடம் முழுவதும் ஆழம். நாங்கள் எல்லோரும் மாற்றிச் சொல்லவேண்டும். 'வடக்கே மண், தெற்கே ஆழம்.' லாஞ்சிச் சனம் கரையில் இறங்கித் தெரிந்த மீனவர்களுக்கெல்லாம் காதில் போட்டது. காக்கா தன் வெங்காயம் வாங்கினவர்களுக்கெல்லாம் அதையும் சேர்த்து நிறுத்துக் கொடுத்தார்.

இப்போது என் பாவத்தைச் சொல்கிறேன். அடுத்தநாள் கடற்கரையில் அந்த வெள்ளைக்காரர் என்னை மறித்து, இங்கிலீஷ் தெரியுமா, இந்தப் பெரியவர் சொல்வதைச் சொல்லமுடியுமா என்று மரியாதையாகக் கேட்டார். பக்கத்தில் கிழிந்த வலையைப் பொத்திக்கொண்டிருந்த கிழவர் எங்கள் திட்டத்தில் இல்லாதவர், லாஞ்சியில் ஏறாதவர். "தெக்கால அடைக்கும் மகள். வடக்கால ஒரு நாளும் அடைக்காது" என்று கையைக் காட்டிச் சொன்னார். நான் அந்த வெள்ளைக்காரருடைய நீலக் கண்ணை நேரே பார்த்து, "வடக்கே அடைக்குமாம்" என்றேன். ஐயோ, அந்த வீரத்தை எப்படிச் சொல்வேன்! பாடசாலைவரை நான் நடக்கவில்லை, மிதந்தேன்.

இரண்டு நாள் கழித்து, வெள்ளிக்கிழமைக் காலை, ரிக்கற் கந்தோரில் எங்கள் ஆள் என்னை மெதுவாகக் கூப்பிட்டார். முகம் சாம்பலாக இருந்தது. கையில் ஓர் அரசாங்கக் கடிதம்.

"ரெண்டு கிழமைக்கு முந்தி வந்தது. இத்தனை வருசமாய் வராத பதில் இப்ப ஏன் வருதெண்டு எனக்குச் சந்தேகம். திறக்காமல் தடயமாய்ப் பூட்டி வைச்சனான். இண்டைக்குத்தான் திறந்தனான்."

வாசித்தேன். மூதூரில் இறங்குதுறை அமைக்க இடம் தெரிவுசெய்ய வெளிநாட்டுப் பொறியியலாளர் ஒருவர் வருகிறார், பொதுமக்கள் தேவையான தகவல்களைக் கொடுத்து உதவவும்.

"நாங்கள் சொன்ன இடத்தில கட்டினால்?" என்றேன்.

"முதல் மாரியோட மண்ணில புதையும். லாஞ்சி கிட்டவும் போகேலாது. இன்னொரு துறை எங்கட ஆயுசுக்கும் தரமாட்டாங்கள்." கடிதத்தைத் திரும்ப வாங்கி மடித்தார். "அவ பிறகு எப்ப ரீச்சர் தாய் வீட்டை போறது?"

வெளியே அக்கா தேத்தண்ணிப் போத்தலோடு நின்றுகொண்டிருந்தா.

அன்று எஞ்சின் பெட்டியில் ஏறி, தான் பிழை விட்டதாக எல்லோருக்கும் சொன்னார். அந்த மனிதர் ஒற்றனில்லை, இஞ்சினியர். எல்லோரும் போய் உண்மையைச் சொல்லுங்கள். கடிதத்தை உயர்த்திக் காட்டினார். லாஞ்சி அமைதியாகக் கேட்டது. பிறகு காக்கா ஒரு கண்ணைச் சிமிட்டினார்.

"விளங்குது தம்பி. உங்களுக்கு மேலிடத்தால நெருக்கம் வந்திரிக்கி."

"ஐயோ காக்கா, அப்பிடி ஒண்டுமில்லை. இது அரசாங்கக் கடிதம்!"

"கையெழுத்து வடிவாய் விளங்குதே தம்பி" என்றா கருவாட்டு மாமி கடிதத்தை உற்றுப்பார்த்து. "விளங்கிற கையெழுத்தெண்டால் கள்ளக் கடிதம் எண்டு நீங்கள்தானே சொன்னனீங்கள்?"

அவர் கெஞ்சினார், கத்தினார், கடைசியில் அழுதார். அழுதது இன்னும் மோசமாகப் போயிற்று. "பாருங்க, மனிசனை எவ்வளவு பயப்படுத்தி வெச்சிரிக்கானுகள்" என்று காக்கா தன் சால்வையால் அவருக்குக் கண்ணைத் துடைத்துவிட்டார். அவர் படிப்பித்த பாடம்தானே! ஒருவர் விடாமல் எல்லோரும் நன்றாகப் படித்திருந்தார்கள்.

நான் ஒருத்திதான் நம்பினேன். வெள்ளைக்காரர் பட்டினத்து வாடிவீட்டில் தங்கியிருந்தார், சனிக்கிழமை றெயிலில் கொழும்புக்குப் போகிறாராம். சனி காலை இரண்டு பேரும் போனோம். அரசாங்க ஆசிரியை ஒருத்தி அரசாங்க வேலைக்கு வந்தவருக்குப் பொய் சொன்னாள் என்று அவர் இரண்டு வரி எழுதினால் என் வேலை போய்விடும்.

"நான்தான் உங்களை மிரட்டினனான் எண்டு சொல்லுறன்" என்றார் அவர்.

"எதைக் காட்டி மிரட்டினீங்கள் எண்டு கேட்டால்?"

யோசித்தார். "ரிக்கற் குத்துற மிசினை."

பயத்திலும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

வெள்ளைக்காரர் மேசையில் இடியப்பத்தோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார். நான் வாயைத் திறக்குமுன் எங்கள் ஆள் ஒரு அடி முன்னே வைத்தார். அவர் இங்கிலீஷ் வாசிப்பாரே தவிர ஒருநாளும் பேசியதில்லை. அன்று பேசினார். நாவல்களிலிருந்து எடுத்த இங்கிலீஷ். "ஐயா, நீங்கள் தேடும் மனிதன் நான்தான். இந்தப் பெண்ணை விட்டுவிடுங்கள். அவளுக்கு எதுவும் தெரியாது."

வெள்ளைக்காரரின் கையிலிருந்த இடியப்பம் சம்பலுக்குள் விழுந்தது.

பிறகு நான் எல்லாவற்றையும் சொன்னேன். என் பொய்யையும் சொன்னேன். ஏழு கிழவன்மாரில் தொடங்கி நீர்மூழ்கிவரை அவர் இமைக்காமல் கேட்டார். கேட்டுவிட்டுக் கொப்பியை எடுத்துத் திறந்து எங்கள் பக்கம் திருப்பினார். படத்தில் வடக்குப் பக்கத்தில் சிவப்புக் கோடு போட்டிருந்தது. துறை வடக்கேதான்!

அவர் சொன்னது இதுதான். எந்த நாட்டிலும் இரண்டு மீனவரிடம் கேட்டால் மூன்று பதில் வரும். இங்கே கேட்ட அத்தனை பேரும் ஒரே பதிலை, ஒரே சொல்லில் சொன்னார்கள். அப்போதே அவருக்குச் சந்தேகம். பிறகு என்னைப் பார்த்துச் சிரித்தார். "வலை பொத்திய கிழவரின் கை தெற்கே காட்டியது, மிஸ். உங்கள் வாய் மட்டும் வடக்கே காட்டியது."

நான் நிலத்தைப் பார்த்தபடி நின்றேன். எங்கள் ஆளோ வாடிவீட்டுப் படியில் இறங்கும்போது, "அந்தாள் நல்ல கெட்டிக்காரன் ரீச்சர். ஒற்றனாய்ப் போயிருந்தால் எங்கயோ போயிருப்பான்" என்றார். அவருக்கு வெட்கம், ஆறுதல், கொஞ்சம் ஏமாற்றம் எல்லாம் ஒன்றாக வந்தன.

துறை கட்டிமுடிய இன்னும் இரண்டு மாரி போயிற்று. நீர்மூழ்கி வரவேயில்லை. தங்கள் பொய்யால்தான் வரவில்லை என்று லாஞ்சிச் சனம் உறுதியாக நம்பியது. அவர் மறுத்துப் பார்த்தார். மறுக்க மறுக்க அவருக்கு மரியாதை கூடிக்கொண்டே போனது. காக்கா இறக்கும்வரை, குடாவைக் காப்பாற்றினவர்களில் தானும் ஒருவர் என்ற நினைப்போடு இருந்தார். நான் அதைக் கெடுக்கவில்லை.

திறப்புவிழாவுக்கு வந்த பெரியவர் மாலைகளோடு திரும்பிப்போன மறுநாள் அக்கா லாஞ்சியில் ஏறினா. புதுச்சேலை, எண்ணெய் பூசிய ஊன்றுகோல். நேவி முகாம் தாண்டியது. எல்லோரும் எஞ்சின் பெட்டியைப் பார்த்தார்கள். அவர் ஏறவில்லை. மனைவிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, ஒவ்வொரு அலைக்கும் அவவுடைய காலைப் பார்த்துக்கொண்டிருந்தார். "கதை எங்க?" என்று கேட்டவர்களுக்கு, "இண்டைக்கு ஏலாது" என்று மட்டும் சொன்னார். அக்காவுடைய முகம் வாடிவிட்டது. ஒன்பது வருடம் காத்திருந்த கதையல்லவா!

துறையில் லாஞ்சி அணைந்தது. ஒருவருடைய தோளும் இல்லாமல் அக்கா தன் காலால் இறங்கினா. துறை நீளம், அவவுடைய நடை மெதுவு. யாரும் முந்தவில்லை. காக்கா மட்டும் வெங்காயம் அழுகிவிடும் என்று முந்திப்போனார். தூரத்தில் கரையில் தாய் நின்றுகொண்டிருந்தா.

பாதித் துறையில் அக்கா நின்றா. "இதைக் கட்டுவிச்சது ஆர்?"

எல்லாவற்றுக்கும் பின்னால் யார் என்று தெரிந்த மனிதர் ரிக்கற் மிசினை இடுப்பிலிருந்து எடுத்துத் திரும்பவும் செருகினார். "ஒருத்தருமில்லை. ஒரு வெள்ளைக்காரன் வந்தவன். கயிறு போட்டு அளந்தவன். எழுதிக் குடுத்தவன். அவ்வளவுதான்."

"இதையோ இந்தச் சனம் இவ்வளவு காலமும் ஆவெண்டு கேட்டது? ரீச்சர், நீங்களே சொல்லுங்கோ. இதுவோ கதை?"

அவர் என்னைப் பார்த்தார். கடலைப் பார்த்தார். எஞ்சின் ஓடாத இடத்தில், ஓடுவதுபோலத் தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"சுவிற்சர்லாந்தில ஒரு பனிமலை. அதுக்குள்ள ஒரு வீடு. வீட்டுக்குள்ள ஒரு மேசை. மேசையைச் சுத்தி ஏழு கிழவன்மார்."

அக்கா ஊன்றுகோலை ஊன்றி ஒரு அடி வைத்தா.

"கதவெல்லாம் பூட்டியாச்சு. மூத்த கிழவன் மேசையில அடிச்சுக் கேக்கிறான். கொட்டியாரக் குடாவில ஒரு பொம்பிளை ஒன்பது வருசமாய்த் தாய் வீட்டை போகேல்லையாம். எங்களுக்குத் தெரியாமல் இது எப்பிடி நடந்தது?"

அக்கா சிரித்தா. கண்ணைத் துடைத்துக்கொண்டு திரும்பவும் சிரித்தா. "பிறகு?"

"நடவும், சொல்லுறன்."

நான் அவர்களுக்குப் பின்னாலேயே அந்த நடைக்கு நடந்தேன். முதலாம் பாடத்துக்குப் பிந்தித்தான் போனேன். சேலை நனையவில்லை.